ஆளைக் கேட்காத இணைப்பு

"…இந்த இணைப்பு ஆளைக் கேக்காது, வேலையைத்தான் கேக்கும்னு நாமதானே சார் பெருமையா சொல்லிக்கினு இருந்தோம்?" வேலை போன நிமிஷத்தில் சிரித்தார் கலியமூர்த்தி.

நெய்வேலியில், எண்பதுகளின் கடைசியில், சுரங்கத்துக் கம்ப்யூட்டரையும் ஸ்டோர் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் சோதனையை நாங்கள் இருவரும்தான் செய்தோம். எந்த மெஷினைக் கேட்கிறோம் என்று சொல்லவேண்டாம். 'பேரிங் ஸ்டாக்' என்று தட்டினால், விவரம் வைத்திருக்கும் மெஷின் பதில் சொல்லும். நான் பெர்மனெண்ட். கம்மாபுரத்து நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்த அவர் காண்ட்ராக்ட். "இது ஓடட்டும், உன்னையும் பெர்மனெண்ட் ஆக்குறேன்" என்று அதிகாரி ஆசை காட்டியிருந்தார்.

அன்று ஓடியது. "தானா ஓடுதே, இனி நீ எதுக்குப்பா?" என்றார் அதிகாரி கலியமூர்த்தியிடம்.

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

கலியமூர்த்தி கடைசியாக ஒருமுறை 'பேரிங் ஸ்டாக்' என்று தட்டினார். பதில் உடனே வந்தது. கீபோர்டில் படிந்த கரித்தூசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கேட் பாஸை என் மேசைமேல் வைத்தார்.