நாக்குக்கு எட்டாத உப்பு

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், கிணறு எங்கே, கழிவுக்குழி எங்கே, இடையில் எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பேன். மருமகளுக்கு இது எரிச்சல். என்னால் விட முடியவில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் நெய்வேலியில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். காலைப் பலகாரம் மந்தாரக்குப்பத்து இட்லிக் கடை ஒன்றில். கடைக்குப் பின்னால் கிணறு. அதற்கு மேட்டுப் பக்கம், ஐம்பது காலடிகூட இருக்காது, ஒரு பேட்டரிக் கடை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு, ஈயம் கலந்து மிஞ்சிய அமிலத்தைக் கடைக்காரர் தன் பாழுங்கிணற்றில் கொட்டுவார். இட்லிக் கடை அம்மாளின் மகளுக்கு அந்த வருஷம் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வந்தது. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அம்மாள் கடைத்தெரு வியாபாரிகளைக் கூட்டி முறையிட்டாள்.

பேட்டரிக் கடைக்காரர் அசரவில்லை.

"என் கெணத்துக்கும் அந்தம்மா கெணத்துக்கும் இன்னா சம்மந்தம்? ஒரு மூட்டை உப்பக் கொட்டறேன். அவங்க தண்ணி கரிச்சா மறுநாளே கடைய எடுத்துடறேன். கரிக்கலன்னா அந்தம்மா வாய மூடிக்கினு போவணும்."

எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. எந்த நாளில் கரிக்கும் என்று என்னைக் கேட்டார்கள்.

"ஒரு நாள்னு கிடையாதுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு சங்கு ஊதினா எல்லாரும் ஒண்ணாத்தான் கேட்டைத் தாண்டறாங்க. இங்கே வரும்போது கும்பலாவா வர்றாங்க? சைக்கிள்காரன் முந்தறான், நடக்கறவன் பின்தங்கறான், ஒருத்தன் குறுக்குச் சந்துல பூந்துடறான். மணலுக்குள்ள உப்பும் அப்படித்தான் போகும்."

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். தேதியச் சொல்லுங்க," என்றார் மளிகைக் கடைக்காரர்.

மணலையும் நீர்மட்டச் சரிவையும் பார்த்து, பெரும்பகுதி நாற்பது நாளில் வரக்கூடும் என்றேன். 'பெரும்பகுதி', 'கூடும்' இரண்டையும் யாரும் காதில் வாங்கவில்லை.

தினமும் அம்மாள் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் போய்ச் சோதித்தேன். மஞ்சள் நிறமேற்றிய நீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செங்கல் நிறம் வர எத்தனை சொட்டு ஆகிறதோ அதுதான் உப்பின் அளவு. மூட்டையைக் கொட்டுமுன் ஒன்பது சொட்டு. மூன்று வாரத்தில் பத்து. நாற்பதாம் நாள் பதினான்கு. உப்பு வந்துவிட்டது. வழியில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விரிந்து, நீர்த்துப்போய் வந்தது. நாக்குக்குத் தெரிய முப்பது சொட்டாவது வேண்டும்.

அன்று வியாபாரிகள் ஐந்து பேர் வந்து குடித்துப் பார்த்தார்கள்.

"எளநீ மாதிரி இருக்குது," என்றார் மளிகைக்காரர்.

"சுருட்டுல செத்த நாக்கு. அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்மாள்.

நான் சோதித்துச் சிவந்த பாட்டில்களைக் காட்டினேன்.

"செவக்கறது இன்னா அதிசயம்? வெத்தலையத் துப்புனாக்கூட செவக்கும்," என்றார் பேட்டரிக் கடைக்காரர். "சார் டெய்லி அங்க இட்லி துன்றவரு. வேற எப்படிச் சொல்லுவாரு?"

சிரித்துக்கொண்டே கலைந்துபோனார்கள். அதற்குப் பிறகு அவர் பட்டப்பகலிலேயே அமிலத்தைக் கொட்டினார். நான் எதிர்பாராதது இன்னொன்று: ஐந்து பேர் குடித்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டதால், பக்கத்து வாடகை வீட்டுப் பெண்களும் குடத்தோடு அங்கே வர ஆரம்பித்தார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். ஆகாத பேச்சு என்று ஒதுக்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்தும் பதினோரு சொட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு மூட்டை, ஒரே ஒரு தடவை கொட்டியது.

ஒரு காலை அம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டாள்.

"உப்பு வந்தத நீங்க பாத்தீங்க இல்ல சார்? அப்ப ஈயமும் வருமா?"

ஈயம் உப்பைப்போல் ஓடாது. மண்ணில் ஒட்டி ஒட்டி வரும். அதைக் கண்டுபிடிக்க எங்கள் கூடத்தில் வசதியும் இல்லை.

"வரலாம்மா. எப்போன்னு சொல்ல முடியாது. ருசியும் தெரியாது."

"அவன் இன்னியோட நிறுத்திட்டான்னா?"

"ஏற்கெனவே கொட்டினது வந்துகிட்டேதான் இருக்கும்."

உள்ளே மகள் வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். அம்மாள் அவளைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"பைப்புக்கு அரை மைலு போவணும். இவ எழுந்துக்க மாட்டா. கடைய உட்டுட்டு நான் எங்கங்க போறது?"

இட்லிப் பானையில் தண்ணீரை ஊற்றினாள். பின்னால் குடங்களோடு நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"சீக்கிரம் எறைக்கா," என்றாள் ஒருத்தி. "பாலுக் குடிக்கிற புள்ளைய வூட்ல உட்டுட்டு வந்துகிறேன்."