இரண்டு மணி நேரத் தொலைவில் தங்கை

கோலாலம்பூரில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. "பாங்காக்கா? பக்கம்தான். ரெண்டு மணி நேரம்" என்று என் அலுவலகத் தோழி சொன்னபோது, அடுத்த நாட்டை அடுத்த தெருவைப் போலச் சொல்கிறாளே என்று திகைத்தேன். தூத்துக்குடியில் ரயிலேறினால் சென்னை வர ஓர் இரவு முழுக்க ஆகும். அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தை இங்கே ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் கடந்துவிடுகிறார்கள்.

என் தங்கை கலா பாங்காக்கில் ஆசிரியை. அவள் கணவன் கப்பலில் இன்ஜினியர். அவளுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது நடுக்கடலில் இருந்தான். தலைப்பிரசவத்துக்காக அம்மா அவளிடம் போக டிக்கெட் எடுத்திருந்தாள். அம்மா கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கலாவுக்கு வலி வந்துவிட்டது.

"ஏலே, பிள்ள அங்கன தனியா கெடக்கா. நீ எப்பம் போய்ச் சேருவ?" அம்மா போனில் கேட்டாள்.

"பிளைட்டு ரெண்டு மணி நேரம்தாம்மா."

"மெட்ராசுக்கே ஒரு ராத்திரி ஆவுமேலே" என்றாள், நம்பாமல்.

விமானத்தில் மாமாவை நினைத்துக்கொண்டேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கலா பிறந்த அன்று சேதி கேட்டதும், ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குச் சைக்கிளிலேயே வந்துவிட்டார். தாய்மாமன் வந்து நின்ற பிறகுதான் அம்மாவுக்குத் தெம்பு வந்ததாம். இப்போது அந்த முறை எனக்கு.

பாங்காக்கில் இறங்கிய பிறகு, ஆகாயத்தில் பறந்தது போலத் தரையில் போக முடியவில்லை. பாலத்தின் மேல் டாக்சி நின்றுவிட்டது. ஓட்டுநர் "ரொத் தித், ரொத் தித்" என்றார். வர மறுக்கிறார் என்று நினைத்து, "சிஸ்டர், பேபி" என்று கெஞ்சினேன். அவர் என்னையே குழந்தையின் அப்பாவாக்கிவிட்டார். தோளைத் தட்டிச் சிரித்தார். பிறகு கீழே இறங்கச் சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ கையைக் காட்டி ஒரு பைக் டாக்சியை நிறுத்தி, என் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, ஆஸ்பத்திரிப் பெயரை இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். வண்டிகள் நெரிசலில் சிக்கிக்கொண்டன என்பதைத்தான் அவ்வளவு நேரமும் சொல்லியிருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றுகிறது.

கலாவை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். "வந்துட்டியாண்ணே" என்றாள். அவ்வளவுதான். இறுகியிருந்த முகம் தளர்ந்தது.

பெண் குழந்தை. இருவரும் நலம். வீடியோவில் பார்த்து அழுது முடித்த அம்மா, "எத்தன மணிக்குப் பொறந்தா? சாதகம் எழுதணும்லா" என்றாள்.

"எந்த ஊரு நேரம்மா சொல்ல?"

"அவ பொறந்த ஊரு நேரத்தச் சொல்லு. அவ அந்த ஊருக்காரிதானேலே."

ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்த நேரத்தைச் சொன்னேன். என் கைக்கடிகாரத்தில் கோலாலம்பூர் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் தலைக்குப் பின்னால், எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் வந்துகொண்டிருந்தது.