லெவல் இறங்கிய பகல்

எங்கள் வீட்டு மாடிப்படியோரம் கையகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு பெண் இருக்கிறாள். மேலே தொட்டி நிரம்பியதும் வாட்டர் லெவல் ஃபுல் என்று ஆரம்பித்து, மோட்டாரை நிறுத்தச் சொல்லி இங்கிலீஷில் கெஞ்சுவாள். நிறுத்தும்வரை விடமாட்டாள். போன மழைக்காலத்துக்கு முன்னால் மருமகள் வாங்கி மாட்டியது. நல்ல சாமான்தான். முன்பெல்லாம் தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

ஆனால் மழை நாளில் அந்தக் குரல் கேட்டால் எனக்கு ஆகாது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். "ஒண்ணுமில்ல மாமா, டேங்க்தான்" என்று மருமகள் உள்ளேயிருந்து சொல்வாள். கிழவர் சத்தத்துக்குப் பயப்படுகிறார் என்று அவளுக்கு எண்ணம். சத்தத்துக்கு இல்லை, அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

லெவல் என்ற சொல்லைச் சின்ன வயதில் ரயில்வே கேட்டின் பெயர் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் லெவல் கிராசிங். கேட் சாத்தியிருந்தால் வைக்கோல் வண்டி, சைக்கிள், பால்காரர் எல்லோரும் வரிசையாக நிற்போம். ரயில் கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் இருக்காது. ஆனால் தண்டவாளத்தில் செருப்பை வைத்தால் ஒரு நடுக்கம் காலுக்கு வரும். வரப்போவது இரும்புக்கு முதலில் தெரிந்துவிடும். கேட்கீப்பர் திட்டுவார் என்று காலை இழுத்துக்கொள்வேன். அந்த நடுக்கம் மட்டும் முழங்கால்வரை ஏறி நிற்கும்.

பிறகு பார்த்தால் இந்த வார்த்தை எங்கு போனாலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. வயலில் பரம்படித்து மட்டம் பார்ப்பதாகத்தான் எங்கள் அப்பா சொல்வார். இன்றைக்கு டிராக்டர் ஓட்டும் பையன் "லெவல் பண்ணியாச்சு சார்" என்கிறான். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சுகர் லெவலைப் பார்க்கிறார். சண்டையில் "ஒரு லெவலுக்கு மேல போகாத" என்கிறார்கள். முறைத்துக்கொண்டு நிற்பவரைச் சமாதானம் செய்து அனுப்புவதும் லெவல் பண்ணுவதுதான். எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் என் மாமனார் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "நம்ம லெவலுக்கு ஒத்து வருமா?" சாதியையும் சொத்தையும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற இடத்தில் இந்த வார்த்தைதான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து பாயில் உட்காரும். நான் ஒத்துவந்தேன். அதில் எனக்கு அப்போது பெருமையும் இருந்தது.

இஞ்சினீயரிங் காலேஜில் லெவல் என்பது ஒரு கருவி. முக்காலியின் மேல் பித்தளைக் குழாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தூரத்தில் அளவுகோலைப் பிடித்து நிற்கும் ஆள் தலைகீழாகத் தெரிவான். அந்தக் காலத்துக் கருவி அப்படித்தான். ஆகாயம் கீழே, மண் மேலே, நடுவில் கால் மேலாகத் தொங்கும் மனிதன். முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மனிதர்களைத் தலைகீழாகப் பார்த்து, எண்ணை மட்டும் நேராக எழுதிக்கொள்ளலாம். எனக்கு அது நன்றாகவே வந்தது.

வேலை கிடைத்தது ஆற்றில். நன்னிலம் பக்கம் ஓடும் ஓர் ஆறு. பெயர் வேண்டாம். கொஞ்ச தூரத்துக்கு அதன் இரண்டு கரைக்கும் நான்தான் அதிகாரி. தென்கரையில் என் மாமனார் ஊர், வாழைத்தோப்பு, நெல் வயல், கோயில். வடகரையில் பள்ளமாக ஒரு தெரு. தென்கரை வயல்களில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்தவர்களின் குடிசைகள். நடுவில் பாலம். பாலத்துத் தூணில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு அடிக்கணக்கு எழுதியிருக்கும். வெள்ள நாளில் அந்தத் தூண்தான் எல்லோருக்கும் சாமி. யார் என்னைப் பார்த்தாலும் வணக்கத்துக்கு முன்னால் கேட்பது, "சார், லெவல் என்ன?"

வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் எங்கள் பக்கம் இரண்டு கரையிலும் ஆள் நிற்கும். கசிவு பார்க்க மட்டும் இல்லை, எதிர்க்கரையைப் பார்க்கவும்தான். ஒரு கரை உடைத்துக்கொண்டால் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும், மறுகரை பிழைத்துக்கொள்ளும். அதனால் அவர்கள் வந்து நம் கரையை வெட்டிவிடுவார்களோ என்று இவர்களும், இவர்கள் வெட்டுவார்களோ என்று அவர்களும் மண்வெட்டியோடு காவல் நிற்பார்கள். நேற்றுவரை ஒரே வயலில் குனிந்து நின்ற ஆட்கள். மழை விடாமல், மேலே அணையில் ஷட்டரை இறக்கித் தண்ணீரை மறிக்காமல், ஆற்றில் தண்ணீர் சட்டென்று இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ கரை போய்விட்டது.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. வானம் காலையிலிருந்தே சாயங்காலம் மாதிரி கிடந்தது. தூணில் தெரிந்த பட்டைகள் ஒவ்வொன்றாக முழுகின. வடகரைத் தெருவே கரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. துணி மூட்டை, கோழிக்கூடை, ஆடுகள், உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட பெண்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ராசப்பன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

"சார், ஆத்துத் திருப்பத்துல நண்டு வளை உள்ள ஓடியிருக்கு. கசியிற தண்ணி கலங்கலா வருது" என்றார்.

கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மணல் மூட்டை வருது ராசப்பன். உங்க பக்கத்துக்குத்தான்."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க சார். அங்க நம்ம ஆண்டைங்கள்லாம் மம்புட்டியத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. வயலுக்குத்தான் வர மாட்டாங்க, இதுக்கு வந்துருவாங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மூட்டை வந்தா இவரு தூக்குவாரான்னு கேளுங்க சார்" என்றாள் அவர் மனைவி அஞ்சலை, மடியில் பெண் குழந்தையோடு. "வீட்ல ஒரு கொடத்தத் தூக்கினதில்ல."

"நீதான் என்னையே தூக்கிச் சொமக்கிறியே, அப்புறம் கொடம் எதுக்கு?" என்றார் ராசப்பன். நானும் சிரித்துவிட்டுப் பாலத்துக்குத் திரும்பினேன்.

மூட்டை ஏற்றிய டிராக்டர் தென்கரை வழியாகத்தான் வரவேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கமே அதை மறித்து நின்றார் என் மனைவியின் அண்ணன்.

"மாப்ள, இங்கயே எறக்கிடுவோம். நம்ம கரை தாழ்வு, உங்களுக்குத் தெரியாததா?"

"அங்க கசியுது மச்சான்."

"அங்க என்ன இருக்கு? குடிசைதானே. தண்ணி வடிஞ்சா நாலு கீத்தப் போட்டுக் கட்டிக்கிறாங்க. இங்க வாயும் வயிறுமா என் தங்கச்சி படுத்திருக்கா. ஒங்க பொண்டாட்டிதான் மாப்ள அவ."

மழைத் தண்ணீர் அவர் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. "எறக்குங்க" என்றேன்.

அடுத்த பயம் உடனே வந்தது. எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் மூட்டை இறங்குவது நன்றாகத் தெரியும். பார்த்தால் அவர்கள் பாலத்தைக் கடந்து வருவார்கள்.

"போயி அவங்கள ஒரு மாதிரி லெவல் பண்ணிட்டு வாங்க" என்றார் மச்சான்.

போனேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. என் காலால் நடந்து, பாலத்தைக் கடந்து போனேன்.

"மேல ஷட்டர எறக்கச் சொல்லியாச்சு ராசப்பன். இன்னும் கொஞ்ச நேரத்துல லெவல் எறங்கிடும். எல்லாரும் போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க. பொம்பளைங்களயும் கூட்டிட்டுப் போங்க, ஈரத்துல எவ்ளோ நேரம் உக்காந்திருப்பாங்க?"

"மூட்டை சார்?"

"வருது."

ஷட்டரை இறக்கச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ராசப்பன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பி, "சார் சொல்லிட்டாருப்பா. எறங்குங்க, எறங்குங்க" என்றார். கரைச் சரிவில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அஞ்சலை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நீங்களும் வாங்க சார், சூடா கஞ்சி இருக்கு. காலேலேந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.

நான் வாட்சைப் பார்ப்பது மாதிரி பாவனை செய்தேன்.

தென்கரையில் மூட்டை அடுக்கி முடிக்கும் நேரம். தூணில் நனைந்த பட்டை ஒன்று வெளியே தெரிந்தது. பிறகு அதன் கீழ்ப் பட்டை. "எறங்குது! எறங்குது!" என்று ஒருவர் கத்தினார். சீழ்க்கை அடித்தார்கள். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தார். நான் சிரித்தேன். அதை இந்தக் கட்டுரையில் விட்டுவிடலாமா என்று பலமுறை நினைத்தேன், விடக்கூடாது. வாய் நிறையச் சிரித்தேன்.

அப்புறம்தான் சட்டையில் மழை விழுந்துகொண்டிருப்பது தெரிந்தது. வடக்கே நாய்கள் ஒரே சமயத்தில் குரைத்தன. ஒரே சமயத்தில் நின்றன.

ராசப்பன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு எப்படியோ கரைமேல் ஏறிவிட்டார். மற்றவர்களும் கூரையைப் பிடித்தும் மரத்தைப் பிடித்தும் தப்பித்தார்கள். அஞ்சலை மட்டும் கட்டிப்போட்ட ஆட்டை அவிழ்க்கத் திரும்பினாளாம். தண்ணீர் வடிந்த பிறகு கருவேலம் புதரில் கிடைத்தாள். கயிறு அப்போதும் கையில் சுற்றியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்திருந்தார்கள். அங்கே போய் ராசப்பன் முன்னால் நின்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார் சொன்னபடியே லெவல் எறங்கத்தான் செஞ்சுது" என்றார் அவர். "எங்க நேரம் சார். நீங்க சொன்னது பலிக்கிறதுக்குள்ள கரை முந்திக்கிச்சு."

அவர் குரலில் குத்தல் இல்லை. அப்படித்தான் நம்பினார். மூட்டை எங்கே போனது என்று கேட்கவே இல்லை. அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம். "ஆமா ராசப்பன்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் எந்த வெள்ளத்திலும் வடகரை ஆட்கள் வேறு யாரிடமும் லெவல் கேட்கவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை என்னிடம்தான் கேட்டார்கள்.

என் மனைவிக்கு அந்த மழை முடிந்து மகன் பிறந்தான். அவன் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். மனைவியும் போய்விட்டாள், மச்சானும் போய்விட்டார். இருவரிடமும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

சென்ற மாதம் வலங்கைமானில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சரம்மா, நான் இன்ன ஆற்றில் வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் இலையை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"சார், நான் ராசப்பன் பொண்ணு செல்வி. அப்பா கடைசி வரைக்கும் உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. லெவல் எறங்கும்னு முன்கூட்டியே சொன்ன ஆபீஸரு, எங்கள ஒரு வாய் சாப்பிடச் சொன்ன மனுஷன்னு சொல்லுவாரு."

அம்மா முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல சார். ஒரு போட்டோகூடக் கெடையாது" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பாயசம் வந்தது. அவரே என் இலையில் ஊற்றச் சொன்னார். கிளம்பும்போது, "மழை வருது, பாத்துப் போம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதை எழுதி முடித்ததும் முதல் பிரதியை அவருக்குத்தான் அனுப்பப்போகிறேன். பிறகு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பாலத்தை இடித்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளைத் தூண் ஆற்றோடு போய்விட்டது. வடகரைத் தெருவை மேட்டுக்கு மாற்றி, தளம் போட்ட மெத்தை வீடுகள் கட்டியிருக்கிறார்கள். கரையில் மண்வெட்டியோடு நிற்க இப்போது ஆளும் இல்லை, தேவையும் இல்லை. புதுப் பாலத்தில் ஏதோ கருவி வைத்திருக்கிறார்களாம். லெவல் செல்வியின் போனுக்கே வந்துவிடுகிறதாம். ஒரு மனிதனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவன் சொல்லை நம்பிக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து இறங்குகிற காலம் மறைந்துவிட்டது. அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை. மறைந்ததே நல்லது.

இன்று காலையிலிருந்து மழை. மாடிப்படியோரப் பெட்டிக்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல மாமா, டேங்க்தான்" என்கிறாள் மருமகள்.