பூன் லே கிடங்கின் ஐந்து மார்க்

மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு வருடத்தில் பதினோரு மாதம்தான் வேலை. பன்னிரண்டாவது மாதம் அப்ரைசல், அதாவது ஊழியர் மதிப்பீடு வரும், அதை முன்வினைப் பயன் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்னோடு சேர்ந்து அவதிப்படும் சகாக்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது மளிகைச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில். தேக்காவில் ஒரு கடை, புக்கிட் மேராவில் ஒன்று, பாசிர் ரிஸ்ஸில் ஒன்று, பூன் லேயில் கிடங்கு. தலைமை அலுவலகம் என்று பெரிதாகச் சொல்வது தேக்கா கடையின் மாடியில் கிடக்கும் மூன்று மேசைகளைத்தான். ஒன்று முதலாளிக்கு, ஒன்று எனக்கு, ஒன்று என் உதவியாளர் குணாவுக்கு. ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் ஆட்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட்டு, அதற்கான காரணத்தை நாலு வரி எழுதி, அந்த ஆளை எதிரில் உட்காரவைத்துப் பேசி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? வாருங்கள், என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாருக்கும் நாலு

புக்கிட் மேரா கடையின் சூப்பர்வைசர் மணியம் அண்ணன் தன்னிடம் இருக்கும் ஒன்பது பேருக்கும் நாலு போட்டு அனுப்பினார். காரணமும் ஒன்பது பேருக்கும் ஒன்றேதான்: 'நல்லவர். கடவுள் துணை இருப்பார்.' அந்த ஒன்பதில் ஒருவர் தினமும் தாமதமாக வருகிறார் என்று மாதம் தவறாமல் எனக்குப் போன் போட்டுப் புலம்புபவரும் இதே மணியம் அண்ணன்தான்.

போன் செய்து கேட்டேன். "அண்ணே, நாளைக்கு இவரை வேலையை விட்டு அனுப்பணும்னு நீங்களே சொல்வீங்க. அவர் புகார் கொடுத்து, தொழிலாளர் துறையில சமரசம் பேசக் கூப்பிட்டா, நான் எதைக் காட்டுறது? கடவுள் துணைன்னு எழுதியிருக்கிறதையா?" அப்படி ஒருமுறை போய் உட்கார்ந்து அசடு வழிந்தவள் நான். எதிரில் இருந்த அதிகாரி எங்கள் தாள்களைப் புரட்டிவிட்டு, இவ்வளவு நல்லவரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டார். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா. ஆனா தினம் காலையில அவன்கூடத்தானே உக்காந்து நான் ரொட்டி சாப்பிடுறேன், மூஞ்சியப் பாத்து எப்படி ரெண்டு போடுறது, சொல்லு."

இரண்டாவது குழந்தை

தேக்கா கடை சரோஜா அக்கா நேர் எதிர். மூஞ்சிக்கு நேராக எதையும் சொல்வார், எழுதவும் செய்வார். ஒரு காசாளர் பெண்ணின் படிவத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'ரெண்டாவது குழந்தை வரப்போகுது. இனிமே வேகம் இருக்காது. மார்க் 2.' கையோடு அவரைக் கூப்பிட்டேன். கர்ப்பத்துக்கெல்லாம் மார்க் குறைக்கக் கூடாது, சட்டம் சும்மா விடாது, குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது, வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டினார்.

மறுநாள் திருத்திய படிவம் வந்தது. 'குழந்தையைப் பத்தி எழுதக் கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. மார்க் 2.' படியிறங்கிப் போய், வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களைப் பார்த்தபடி அவரோடு உட்கார்ந்து, கல்லாக் கணக்கு தவறியதுண்டா, லீவு சொல்லாமல் எடுத்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை. கடைசியில் மார்க் நாலு வந்தது. சரோஜா அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை: "நீ சொன்னத ஒரு எழுத்து விடாம அப்படியே எழுதுனேன், அதுலயும் குத்தம் கண்டுபிடிச்சா நான் என்னதான் செய்யிறது?"

குணாவின் கோப்புகள்

இந்தக் கூத்துக்கெல்லாம் எனக்குக் கை கொடுக்க வேண்டியவர் குணா. நாற்பதை நெருங்குகிறவர், சாது, குரலை உயர்த்திப் பேசமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்றபோது எல்லாக் கிளைகளின் படிவங்களையும் அலசி, எல்லாக் கட்டத்திலும் ஐந்து வாங்கியிருந்த இவரை பூன் லே கிடங்கிலிருந்து நானேதான் பொறுக்கி எடுத்தேன். வந்த மூன்றாம் வாரம் படிவங்கள் இருந்த உறையை ரயிலில் விட்டுவிட்டு வந்தார். புது இடம், பழகிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் பழைய கோப்புகளை அகரவரிசையில் அடுக்கச் சொன்னேன். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. போய்ப் பார்த்தால் இருபத்தைந்து பெட்டி காலி, 'எம்' பெட்டி மட்டும் வாய் பிளந்து நின்றது. மிஸ்டர், மிஸஸ், மிஸ், மேடம் என்று எல்லாரையும் மரியாதையோடு சேர்த்து 'எம்'மில் போட்டிருந்தார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்கே வருத்தமாகிவிட்டது: "எல்லாம் ஒரே இடத்துல இருந்தா தேடுறதுக்கு ஈஸிதானேக்கா?"

மூன்று பெயர்

வியாபாரம் மந்தம், ஆட்குறைப்பு என்று முதலாளி முடிவு செய்தார். மூன்று வருடமாக இரண்டைத் தாண்டாதவர்களின் பட்டியலைக் கேட்டார். மூன்று பெயர் வந்தது. ஒருவர் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டார். இன்னொருவருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் முறைப்படி கோப்பில் இருந்தன. மூன்றாவது பெயர் முருகேசன், பூன் லே கிடங்கு, பதினோரு வருடம். மூன்று வருடமும் இரண்டு. மூன்று வருடமும் ஒரே குறிப்பு: 'மெதுவானவர். சுயமாகச் செய்யமாட்டார்.' ஒர்க் பெர்மிட் முடிய மூன்று வாரம். புதுப்பிக்காவிட்டால் ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லையே என்று இழுத்தேன். முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடமாக நான் அவருக்கு ஓதிவந்த மந்திரத்தை எனக்கே திருப்பிச் சொன்னார்: "அப்ரைசல்னு ஒண்ணு வச்சிருக்கோம், அதுபடி நடக்கலேன்னா அப்புறம் அது எதுக்கு?"

தேநீர் கோப்பை

இந்தச் செய்தியை போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். பூன் லேயில் அப்போதுதான் கொள்கலன் வந்து இறங்கியிருந்தது. முருகேசன் அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுநர் வந்து, "முருகேசண்ணே, பாசிர் ரிஸ் பருப்பு எங்க?" என்றார். திரும்பாமலேயே கை நீட்டினார். அடுத்து ஒருவர் புளி கேட்டார், இன்னொருவர் தாளில் தப்பு இருப்பதாகச் சொன்னார். காலாவதித் தேதி நெருங்கிய மசாலாப் பெட்டிகளை யாரும் சொல்லாமலே ஓரம் கட்டினார். நான் நின்ற அரை மணி நேரமும் கிடங்கே அந்த ஆளைச் சுற்றித்தான் ஓடியது. இவர் மெதுவானவர் என்றால் நானெல்லாம் ஆமை.

கிடங்கு சூப்பர்வைசர் துரை அண்ணனை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினேன். முதலில் மழுப்பினார். முருகேசனின் பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றதும் உண்மை வெளியே வந்தது. "அஞ்சு போட்டா அவனையும் தேக்காவுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க மேடம். முன்னாடி ரெண்டு நல்ல பசங்கள அப்படித்தான் கொண்டு போனீங்க. இவனும் போனா நான் கிடங்க எப்படி நடத்துறது?" நல்ல ஆளை மறைக்க ரெண்டு. எனக்கு ரத்தம் கொதித்தது. அப்புறம்தான் மெல்ல ஒரு சந்தேகம் தட்டியது. அப்படியானால் ஐந்து போட்டு அனுப்பிய குணா? துரை அண்ணன் என்னைப் பார்க்காமல் கையிலிருந்த தேநீர் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா வேலை செய்யிறவன யாராச்சும் அனுப்பி வைப்பாங்களா, மேடம்?"

இரண்டு மார்க் முருகேசன்

அடுத்து முருகேசனைக் கூப்பிட்டேன். மூன்று படிவத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. படித்துப் பார்த்துத்தான் போட்டீர்களா என்றேன். முதலில் கையெழுத்து, அப்புறம்தான் எழுத்து, கிடங்கில் அதுதான் பழக்கம் என்றார். வெற்றுத்தாளில் கையெழுத்து! பட்டியலில் அவர் பெயர் இருப்பதை மறைக்காமல் சொன்னேன். ஊரில் சின்ன மகள் நர்சிங் படிக்கிறாளாம், இன்னும் ஒரு வருடம் பாக்கியாம். கையைக் கால்சட்டையில் துடைத்தபடி நின்றார். துரை அண்ணன் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அவருக்கு வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு மார்க்குன்னு யாரும் சொல்லலீங்க மேடம், சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் வேகமா செஞ்சிருப்பேன்."

இன்றைய தேதி

துரை அண்ணன் சுலபமாக ஒரு வழி சொன்னார்: பழைய படிவங்களைக் கொடுங்கள், ரெண்டை அடித்து அஞ்சாக்கிவிடுகிறேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் பூசி மெழுகவா? பழைய தாளைத் தொடக் கூடாது, இன்றைய தேதி போட்டு, என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று உங்கள் கைப்பட எழுதுங்கள் என்றேன். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட யாருக்குத்தான் கை வரும்? இரண்டு நாள் இழுத்தடித்து, மூன்றாம் நாள் முக்கால் பக்கம் எழுதினார். முதலாளி அதைப் படித்துவிட்டுப் போட்ட சத்தம் கீழே கடையில் கேட்டதாம். துரை அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது பெர்மிட் புதுப்பித்து வந்தது. அதைக் கையில் வாங்கும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரர் இங்கே இருக்கட்டும் என்று முதலாளி தேக்கா கடைக்கு முருகேசனைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். கிடங்குதான் தனக்குக் கைவந்த வேலையாம், கூட்டாளிகளும் அந்தப் பக்கம்தானாம். துரை அண்ணனிடம் முருகேசன் அமைதியாகச் சொன்னார்: "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே, நானே போகலேன்னுதானே சொல்லியிருப்பேன்."

குணாவின் முறை

கடைசியாக என் மேசையில் ஒரே ஒரு படிவம் மிஞ்சியது. குணாவுக்கு நான் போட வேண்டியது. அதே வாரம் பாசிர் ரிஸ் கடையில் கணினியில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் பேனா ஐந்து என்ற கட்டத்தின் மேல் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கே வெட்கமாகிவிட்டது. முந்தைய இரண்டு வருடப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் மூன்று போட்டு, 'முன்னேறி வருகிறார்' என்று எழுதியிருந்தேன். ரயிலில் போன உறையைப் பற்றி ஒரு வரி இல்லை. சண்டை எதற்கு என்று விட்டிருக்கிறேன்.

இரண்டு என்று எழுதினேன். எதிரில் உட்காரவைத்து, உறை, 'எம்' பெட்டி, தாமதமாக வந்த நாட்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதில் தேற வேண்டும், யார் கற்றுக்கொடுப்பார், எப்போது மறுபடி பார்ப்போம் என்பதையும் எழுதிக் காட்டினேன். குணா படிவத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். எங்கள் நிறுவனத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது படித்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் கேட்டார்: "அங்க அஞ்சு, இங்க மூணுன்னதும் நான் நல்லாத்தான் செய்யிறேன்னு வீட்ல சொல்லிட்டிருந்தேன்க்கா, ரெண்டு வருஷமா பக்கத்து மேசையிலதானே இருந்தீங்க?"

மணியம் அண்ணனுக்கும் சரோஜா அக்காவுக்கும் துரை அண்ணனுக்கும் அப்ரைசலை எப்படிச் செய்வது என்று வருடாவருடம் வகுப்பு எடுப்பவள் நான்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால், அதுவும் நான் எனக்கே போட்டுக்கொண்ட ஐந்து மார்க் ஆகிவிடும்.