மேலே ஏறிடு, அப்ஸானா

பர்மாவின் யாங்கோன் நகரில், க்யிம்யிண்டைங் சந்தையில் கருவாடு விற்கும் ஃபக்ருன்னிசா பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மகள் அப்ஸானா ஜப்பானில் ஒரு மலை விடுதிக்கு வேலைக்குப் போன நாள் முதல் அவளுக்கு யாங்கோன் வானம் மறந்துபோயிற்று. ஜனவரி வெயிலில் வியர்த்துக்கொண்டே, "எங்க ஊருல இன்னிக்கு ஒரே பனி" என்பாள். மகள் குளிரில் கிடக்கிறாளே என்று ஐஸ் போட்ட சர்பத்தைத் தொடுவதில்லை.

"அப்ப கருவாட்டுக்கும் கம்பளி போத்து, மா ஃபக்ரு" என்று பக்கத்துக் கடை தங்கமணி, பர்மியர் அக்காவுக்குச் சொல்லும் 'மா'வைப் போட்டுச் சீண்டுவாள்.

அன்று காலை மகளிடமிருந்து செய்தி வந்தது. விடாத பனிப்புயல், எந்த நேரமும் பனிச்சரிவு வரலாமாம், சாலையை மூடிவிட்டார்கள்.

புயல் என்றதும் ஃபக்ருன்னிசாவுக்குப் பழைய வெள்ளம் கண்முன் வந்தது. நர்கீஸ் புயலில் பியாப்போன் ஊரே தண்ணீரில் மிதந்தபோது, கைக்குழந்தை அப்ஸானாவைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்கு ஏறிப் பிழைத்தவள் அவள். ஃபோனில் பேசிப் பதிந்து அனுப்பினாள்: "கீழ நிக்காத மகளே. எவ்வளவு உசரம் ஏற முடியுமோ ஏறிடு. உம்மா சொல்லக் கேளு."

மதியம் டாக்சியை நிறுத்திவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்த கணவர் வாஜித், இதைக் கேட்டதும் பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"என்ன காரியம் பண்ணுன? பனி மேலேருந்துதான் சரிஞ்சு வரும். புள்ளைய மலைமேல ஏறச் சொல்லியிருக்கியே."

அப்ஸானா உம்மா சொல்லைத் தட்டியதே இல்லை. அந்த நல்ல குணமே இப்போது வினையாகிவிடும் போலிருந்தது. ஃபக்ருன்னிசா அழைத்துப் பார்த்தாள், லைன் கிடைக்கவில்லை. 'ஏறாதே' என்று அனுப்பியதெல்லாம் போய்ச் சேராமல் நின்றது. வெள்ளத்திலிருந்து மீட்ட மகளைத் தன் வாயாலேயே சாவுக்கு அனுப்பிவிட்டோமா? தொழுகைப் பாயில் விழுந்தவள் எழவில்லை.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு முடிந்ததும் ஃபோன் அடித்தது.

"உம்மா, நீ பேசுனது வந்துச்சு. உடனே லைன் போயிருச்சு."

"எங்கடி இருக்க?"

"நீ சொன்னபடி ஏறிட்டேன்."

ஃபக்ருன்னிசா தொழுகைப் பாயைப் பற்றிக்கொண்டாள்.

"மூணாவது மாடிக்கு. போர்வை அடுக்குற ரூமு. மலைப் பக்கம் சன்னல்கூட இல்ல. எங்க உம்மா ஏறச் சொன்னாங்கன்னேன், முதலாளியம்மாவும் கூட வந்து உக்காந்துட்டாங்க."

"மலைக்குப் போகலையே?"

"வாசலுக்கே விடல உம்மா. அழுவாத."

வாஜித் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆறிப்போன சோற்றை விழுங்கினார்.

புயல் ஓய்ந்த அன்று, தங்கமணி கையிலிருந்த ஐஸ் சர்பத்தை ஃபக்ருன்னிசா வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

"எங்க ஊருல இன்னிக்கு நல்ல வெயிலு."