அம்மன் கொடுத்த வெள்ளைப் பூ

என் வலது தொடை இடுக்கில் முதலில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்; அந்த மூட்டையைத் தூக்கினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். போகிறதே, பிறகென்ன என்று மூன்று வருஷம் இருந்துவிட்டேன். யாரிடமும் காட்டுகிற இடமும் இல்லை. போன வருஷம் மாசி மாதம் அது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, படுத்தாலும் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். குடலிறக்கம் என்றார். சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் குடல் மாட்டிக்கொண்டு அழுகிவிடும், உயிருக்கே ஆபத்து என்றார். கிளியனூர் பஸ்ஸில் ஐம்பத்திரண்டு வயது ஆள் அழுதுகொண்டே வந்தேன். மீதிச் சில்லறைக்காக அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கண்டக்டர் கேட்காமலே கொடுத்துவிட்டார்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம். என்னிடம் இன்ஷூரன்ஸ் இருந்தது. அதற்குப் பத்து மாதத்துக்கு முன் என் சகலை சொல்லி, ஒரு தனியார் கம்பெனியில் மருத்துவப் பாலிசி எடுத்திருந்தேன். பாலிசிப் புத்தகம் வந்த அன்றே நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன். பிரித்துப் படிக்கத்தான் இல்லை. டீக்கடையில் யாராவது தும்மினால்கூட, "நமக்கெல்லாம் ஏசி ரூம்தாம்பா" என்பேன். தர்மாஸ்பத்திரி என்றாலே எனக்கு இளக்காரம்.

என் மனைவி கஸ்தூரி அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தாள். புரியாத பக்கங்களை எங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் காட்டிக் கேட்டும் வைத்திருந்தாள்.

"ஏங்க, இந்த ஆபரேஷனுக்கெல்லாம் பாலிசி எடுத்து ரெண்டு வருசம் கழிச்சித்தான் குடுப்பாங்கன்னு இதுல போட்டுக்கீது. விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில நல்லாவே பண்றாங்களாம். வாங்க, போலாம்."

"சகலைக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிதுன்னு சொல்லிக்கீறாரு."

ஐந்து நாள் இதே சண்டை. வலி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நானே, "அம்மனைக் கேட்டுடலாம், அவ சொன்னா சரி" என்றேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று என்று இரண்டு பொட்டலம் வாழை இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். சிவப்பு வந்தால் தனியார், வெள்ளை வந்தால் அரசாங்கம் என்று பேசிக்கொண்டோம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன். அம்மனுக்கு எதற்கு வீண் சிரமம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பூக்கூடையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஆனால் சந்நிதியில் நின்றபோது பயம் வந்துவிட்டது. அதில் நடிப்பு இல்லை. "தாயே, என்னச் சாக உட்டுடாத" என்று வாய்விட்டு அழுதேன். பூசாரி ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

வெள்ளை. நல்ல நந்தியாவட்டை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் கட்டிய சிவப்பை வெள்ளையாக மாற்றிவிட்டாளே! என் திருட்டுத்தனம் அவளுக்குத் தெரிந்துவிட்டதே! நெடுஞ்சாண்கிடையாக விழப் போனேன். வீக்கம் விடவில்லை. பாதி குனிந்தபடியே கும்பிட்டேன். பூசாரி வழக்கம்போல இரண்டாவது பொட்டலத்தையும் பிரிக்கப் போனார். "வேணாம் சாமி!" என்று நானும் கஸ்தூரியும் ஒரே குரலில் கத்தினோம். எனக்கு அந்த நேரம் கணக்கே ஓடவில்லை, பிரித்தால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம்தான். நான் கை நீட்டுவதற்குள் அவள் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன பக்தி இவளுக்கு என்று நினைத்தேன்.

அன்றே விழுப்புரம் போனோம். சீட்டுக்கு வரிசை, ஸ்கேனுக்கு வரிசை, ரத்தம் கொடுக்கவும் வரிசை. மூன்று வருஷமாக ஊருக்கு மறைத்த இடத்தை ஒரு டாக்டரம்மாவும் அவரோடு வந்த ஆறு மாணவர்களும் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் வீட்ல உக்காந்திருந்தா குடலையே வெட்டி எடுக்கிற மாதிரி ஆகியிருக்கும்யா. இன்னைக்கே பண்ணிடலாம்" என்றார்.

காப்பீட்டுப் பிரிவில் அட்டை கேட்டார்கள். நான் விழித்தேன். கஸ்தூரி பையிலிருந்து அரசுக் காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய் எப்போதோ எடுத்து வைத்திருக்கிறாள். நான் அப்போது டீக்கடையில் ஏசி ரூம் பேசிக்கொண்டிருந்திருப்பேன். மஞ்சள் தடவிய என் புத்தகத்தையும் அங்கிருந்த பெண்ணிடம் காட்டினேன். இரண்டு வருஷம் ஆகணுமே என்று கஸ்தூரி மறுபடி சொன்னாள். அவர் புரட்டிப் பார்த்து, "அம்மா சொன்னதுதாங்க சரி, இதுக்கு ரெண்டு வருஷம் ஆகணும். அதுக்காகத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கு அடிகிடி பட்டா இது உதவும்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டே, சிவப்பு வெள்ளையான அதிசயத்தைக் கஸ்தூரியிடம் சொன்னேன். என் திருட்டையும் ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"நம்ம வூட்டு அரளிச் செடி, இருந்த ரெண்டு பூவும் போயி மொட்டையா நின்னுக்கினு இருந்திச்சி. நந்தியாவட்டையில ஒரு பூ கொறையல. அப்பவே உங்க வேல தெரிஞ்சிடுச்சி. நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ரெண்டுலயும் வெள்ளைய வெச்சிக் கட்டிட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அம்மனையே ஏமாத்திட்டியேடி! பயமா இல்ல?"

அவள் சிரிப்பு நின்றது. "பயமாத்தான் இருந்திச்சி. அதான் அங்கயே வேண்டிக்கினேன். தாயே, இந்தத் தப்புக்கு எனக்கு இன்னா தண்டன வேணா குடு, இந்தாள மட்டும் எனக்கு உட்டுடுன்னு."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அன்று சந்நிதியில் இரண்டு திருடர்கள் நின்றிருக்கிறோம். நான் என் வீம்புக்காகத் திருடினேன், அவள் என் உயிருக்காக. அம்மன் அவள் பக்கம்தான் பேசியிருக்கிறாள்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றினோம். செவ்வரளியும் நந்தியாவட்டையும் கலந்து கட்டிய மாலையைப் போட்டு, மன்னிப்பும் கேட்டேன். டீக்கடையில் இப்போது யாராவது தும்மினால், காப்பீட்டு அட்டை எடுத்தாயா, பாலிசியைப் படித்தாயா என்று கேட்கிறேன். என்னைக் கண்டாலே சிலர் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நீங்களும் அம்மனை நம்புங்கள். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டு நம்புங்கள். கேட்டவர்களுக்கு அவள் உதவி அனுப்பாமல் இருந்ததில்லை. எனக்கு அனுப்பிய உதவி முப்பது வருஷத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. என் எதிரில் உட்கார்ந்து, நான் படிக்காத புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தது.