குழாய் வந்த வீட்டில் கஞ்சி காய்ச்ச வழியில்லை

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் அருள் வீட்டு அடுப்புக்கு இன்னும் கேஸ் வரவில்லை. நேற்றுக் காலை தொலைபேசியில் அருளே உறுதிசெய்த தகவல் இது.

வீடுகள் எரிவாயுவை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்று எழுதுவதற்காக 2012 நவம்பரில் ஹைதராபாத் போனேன். அருளும் மனைவி ஜெயாவும் ஆறு ஆண்டுகள் நெதர்லாந்தில் இருந்தவர்கள். அங்கே சமையல், வெந்நீர், குளிர்காலச் சூடு எல்லாமே குழாயில் வரும் கேஸ்தான். பக்கவாதத்தில் விழுந்த அருளின் அப்பா தாமஸைத் தங்களோடு வைத்துக்கொள்ளத்தான் திரும்பினார்கள்.

செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து கொண்டாப்பூர் சுமார் இருபது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 250 ரூபாய். காலை ஒன்பதுக்குமேல் கிளம்பாதீர்கள், ஐ.டி. கம்பெனிக் கூட்டத்தில் சிக்குவீர்கள். நான் சிக்கினேன்.

புதுச் சமையலறையில் மஞ்சள் குழாய் அடுப்பருகே வந்து மூடியோடு நின்றது. சிலிண்டருக்கான இடத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம். குழாயை நம்பிப் பழைய சிலிண்டர் இணைப்பை ஒப்படைத்துவிட்டார்கள். புதிய சிலிண்டருக்கான விண்ணப்பம் கிடப்பில்.

“அங்க பைப் இருந்தா கேஸ் இருக்கும் சார். வீடு வாங்கறப்ப பைப் இருக்கான்னுதான் கேட்டோம். அதுல ஏதாவது வருதான்னு கேட்கத் தோணலை” என்றார் ஜெயா. மின்சார அடுப்பில் பால் வைத்திருந்தார். காய்வதற்குள் கரண்ட் போனது. “பார்த்தீங்கல்ல? மாமாவுக்கு அடிக்கடி சுடச்சுடக் கஞ்சி கொடுக்கணும். இதை நம்பி எப்படிக் கூட்டிட்டு வர்றது?”

தாமஸ் நகரின் மறுகோடியில், உப்பலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். பஸ்ஸில் போய்ச் சேரப் பிற்பகலாகிவிட்டது. பிறந்ததிலிருந்து செகந்திராபாத்வாசி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும், ஹைதராபாத் உருது கலந்த அவர் பேச்சு புரிந்தது.

“கேஸ் வந்துச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“ஹவ், தெரியும். பைப் ரொம்ப அழகா இருக்குன்னான் பையன். கைக்கு, எதுக்கு அது? அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடவா?” சிரித்தார்; இருமல் வந்தது. பக்கத்தில் ஆறிப்போன உப்புமா. சூடாக்கித் தரச் சொல்லட்டுமா என்றேன். “நக்கோ, வேணாம். இங்க எல்லாருக்கும் ஒரே அண்டாதான்.” கட்டிலுக்கடியில் அவர் பெட்டி கட்டியபடி இருந்தது.

குழாய் மட்டும் ஒரு வீட்டுக்கு அடுப்பாகிவிடாது. வெளிநாட்டிலிருந்து திரும்பி இங்கே வீடு பார்ப்பவர்கள் மேல்மாடிக்காரரின் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். தீயைக் கண்ணால் பார்க்கும்வரை சிலிண்டரை ஒப்படைக்காதீர்கள்.

சங்கராந்திக்குப் பிறகு கேஸ் வரும் என்று கேஸ் கம்பெனியில் குடியிருப்புச் சங்கத்திடம் சொல்லியிருக்கிறார்களாம். போன ஆண்டும் சங்கராந்திதான் சொன்னார்களாம். அதுவரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று தாமஸ் சொல்லியிருக்கிறார்.